காரைக்கால் வழியாக

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எல்லாரும் எப்போது போய்ச் சேருவோம் என்றுதான் நடப்பார்கள். நான் ஒருத்திதான் போய்ச் சேரவே கூடாது என்று நடந்தேன். மாதா மேல் எனக்குப் பக்தி குறைச்சல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்தி இருந்தது. பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் நீலகிரியில், அரவேணுவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். நாங்கள் இருப்பது ஃபேக்டரிக்குக் கீழே வரிசையாகக் கட்டியிருக்கிற லைன் வீட்டில். கொழுந்து அரைக்கிற மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனுஷன் கையைக் கழுவிவிட்டு மேலே ஓடிவிடுவார். அவ்வளவு பொறுப்பு. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் பொறுப்பெல்லாம் சாராயக் கடை வாசலோடு சரி. குடித்துவிட்டு வந்தால் அடிக்க மாட்டார், கத்த மாட்டார். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடித்திருந்தாலாவது என் அண்ணன்மார்களைக் கூப்பிட்டு இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். சுவரைப் பார்க்கிற ஆளைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது?

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம், மிஷின் பக்கத்திலேயே ரத்த வாந்தி எடுத்துச் சாய்ந்துவிட்டார். கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தத் தடவை காப்பாற்றிவிட்டோம், ஈரல் வீங்கிப்போயிருக்கிறது, திரும்பவும் பழையபடி குடித்தால் இங்கே கூட்டிக்கொண்டு வந்து பிரயோஜனமில்லை என்று சொன்னார். நான் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நாள் முழுக்கப் பேசிப் பழகிய வாய். அன்றைக்குச் சரிங்க என்பதோடு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, மாதாவே, இவர் குடியை விடட்டும், உன் கோயிலுக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று பொருத்தனை பண்ணினேன். குடியை விட்ட பிறகு நடப்பதா, நடந்த பிறகு விடுவதா என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அழுதுகொண்டு சொன்னதில் அந்தக் கணக்கெல்லாம் வரவில்லை.

எங்கள் பங்கில் ஒவ்வொரு வருஷமும் மாதா திருவிழாவுக்கு ஒரு கூட்டம் நடக்கும். மலையிலிருந்தே நடந்து போவதற்கு எஸ்டேட்காரர்களுக்கு அத்தனை நாள் லீவ் யார் தருவார்கள்? அதனால் வேன் பிடித்துப் பூம்புகார் வரை போய், அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே நடப்பார்கள். அதற்கு முன்னால் மாலை போட்டு விரதம் இருக்க வேண்டும். ஜெபமாலையைப் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். கழுத்தில் போடுவது மட்டும் வீட்டு ஆள்தான். போட்ட கைதான் வேளாங்கண்ணியில் கழற்றவும் வேண்டும், நடுவில் வேறு கை படக் கூடாது என்பது எங்கள் பங்கின் வழக்கம். வேறு ஊர்க்காரர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள், இப்படி ஒன்றை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். எங்களுக்கு அது சட்டம். மாலை கழுத்தில் இருக்கிற வரை கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, குடி கிடையாது.

அவர் கழுத்தில் நான்தான் போட்டேன். எனக்கு அவர் போட்டார்.

முதல் சில வாரம் நரகம். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார், இருந்தாலும் கை நடுங்கியது. ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாத குளிரில் அவருக்கு மட்டும் சட்டை நனைந்துபோகும். வீட்டுக்குள்ளேயே அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பார். பிறகு ஒரு நாள் நடை நின்றது. பசிக்கிறது என்றார். சாயங்காலம் வேலை விட்டு நேரே வீட்டுக்கு வந்தார். வந்து சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒழுகிய குழாயை மாற்றினார், கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக் கழற்றிப் பரப்பிவிட்டு, ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது என்று முழித்தார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எனக்கு இந்த மனுஷன் வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொண்டது இந்த மனுஷனைத்தான்.

ஆனால் மாலை போட்டவர்கள் மாலை கழற்றிய அன்றைக்கு என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். விரதத்தில் அப்படி ஒழுக்கமாக இருந்த ஆம்பிளைகள், வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும்போது முதல் ஊரிலேயே வேனை நிறுத்தச் சொல்வார்கள். இத்தனை நாள் பாக்கியையும் ஒரே சாயங்காலத்தில் தீர்ப்பார்கள். ஃபேக்டரி கேட்டில் ஒருத்தர் என் காதுபடவே, மாலை இறங்கட்டும் மாப்ளே, அப்புறம் பார்த்துக்கலாம் என்று இவரைக் கிண்டல் பண்ணினார். இவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு மனசில் தைத்துக்கொண்டது. வேளாங்கண்ணி என்கிற பேரைக் கேட்டாலே, மாலை இன்னும் எத்தனை நாள் என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன்.

ராத்திரி வேனில் ஸ்வெட்டரும் மப்ளருமாக ஏறிய கூட்டம், விடிந்து பூம்புகாரில் இறங்கும்போது வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். மணலில் நின்று வெகு நேரம் அலையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஆஃப் பண்ற சுவிட்சே இல்லயாட்டம் இருக்குது புள்ள," என்றார். ஃபிட்டர் புத்தி எங்கே போகும்?

எங்களை நடத்திக்கொண்டு போனவர், சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயில் வேலை பார்க்கிற பங்கு உபதேசியார். கழுத்தில் விசில், கையில் கொடி. நீங்க எல்லாம் மலையில் ஏறி இறங்கிப் பழகினவங்க, இந்தச் சமதரையெல்லாம் உங்களுக்கு ஒரு நடையா என்று ஜெபத்திலேயே சேர்த்துச் சொன்னார். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அதுதான் தப்பு. மேட்டில் ஏறினால் தொடை வேலை செய்யும், இறக்கத்தில் முழங்கால் வேலை செய்யும், ஒன்று உழைக்கும்போது இன்னொன்று ஓய்வெடுக்கும். சமதரையில் ஒரே இடம் விடாமல் உழைக்கிறது. மத்தியானத்துக்குள் எங்கள் கூட்டம் வாத்துக் கூட்டம் மாதிரி காலை அகட்டி நடந்தது. வழியும் புரியவில்லை. எங்களுக்கு வழி என்றால் மேலே போ, கீழே போ, அவ்வளவுதான். அங்கே மீன் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் மேலே போகணுமா கீழே போகணுமா என்று நான் கேட்டேன். அவர் வானத்தையும் தரையையும் பார்த்துவிட்டு, பைத்தியமோ என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீலகிரிக்காரர்கள் எங்கே போனாலும் யூக்கலிப்டஸ் தைலம் இல்லாமல் போக மாட்டோம். தலைவலிக்குத் தைலம், சளிக்குத் தைலம், கால்வலிக்கும் தைலம். முதல் நாள் சாயங்காலமே பாட்டில் பாட்டிலாகத் திறந்து தேய்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் நடந்த திண்டுக்கல் கூட்டத்துக்காரர்கள் எங்களுக்குத் தைலக் கோஷ்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்த வாசனை ஆகாது. எங்கள் பக்கம் ஆம்பிளைகள் குடித்துவிட்டு வந்தால், சளி பிடித்திருக்கிறது என்று மூஞ்சியெல்லாம் தைலத்தைப் பூசிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைவார்கள். தைலத்துக்கு அடியில் இருக்கிற வாசனையைக் கண்டுபிடிக்க எங்கள் லைன் பொம்பளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மூக்கு அதில் கெட்டிக்கார மூக்கு. ஆனால் ஒரு கூட்டமே தைலத்தில் குளித்துக்கொண்டு நடந்தால் எந்த மூக்குதான் என்ன செய்யும்?

வழி அழகாகத்தான் இருந்தது. இடது பக்கம் கடல் கூடவே வந்தது. சவுக்குத் தோப்பு, பனை, இறால் குட்டை, உப்புக் காற்றில் கூட்டம் கூட்டமாகக் காவி உடுத்திய ஜனம். மரியே வாழ்க என்று ஒரு கூட்டம் சொன்னால் பின்னால் வருகிற கூட்டம் திருப்பிச் சொல்லும். என்னால் எதையும் நின்று ரசிக்க முடியவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டர் கல் வரும்போதும் தலையைத் திருப்பிக்கொண்டேன். வேளாங்கண்ணி இன்னும் இவ்வளவுதான் என்று அதில் எழுதியிருக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

தரங்கம்பாடியில் படுத்த ராத்திரி எனக்கு அந்த யோசனை வந்தது. கால் வலிக்கிறது என்று சொன்னால் என்ன? நான் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக நடப்பார். கூட்டம் முன்னால் போகட்டும். ஒரு நாள் பிந்தினால் ஒரு நாள் மிச்சம். மாலை இன்னும் ஒரு நாள் கழுத்தில் இருக்கும். பொருத்தனை பண்ணிய காலையே பொய்க்குப் பயன்படுத்துகிறோமே என்று கொஞ்சம் உறுத்தியது. மாதாவும் ஒரு பொம்பளைதானே, புரிந்துகொள்ளாமலா போய்விடுவாள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

காலையில் இடது குதிகாலை ஊன்ற முடியவில்லை என்றேன். நன்றாக நொண்டினேன். உபதேசியாருடைய சம்சாரம் உட்கார வைத்துத் தைலம் போட்டு நீவி, சுடுதண்ணீரில் துணி நனைத்துக் கட்டி, ஒரு பெரிய சடங்கே நடத்திவிட்டார். என் வீட்டுக்காரர் என் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். நான் நடக்கிற நடைக்கு அவர் நடை குறைந்தது. கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிற்று, உபதேசியாருடைய சம்சாரம் மட்டும் பாவம் என்று துணைக்கு நின்றுகொண்டார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். நல்ல மூளைதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

என் மூளைக்கு ஒன்று மட்டும் எட்டவில்லை. தரங்கம்பாடிக்கு அடுத்தது காரைக்கால்.

காரைக்கால் தமிழ்நாட்டுக்கு நடுவில் இருந்தாலும் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர். சாராயத்துக்கு அங்கே விலை குறைவு, கடை அதிகம். எல்லையைத் தாண்டியதும் முதல் போர்டு, நாலு எட்டு வைத்தால் அடுத்த போர்டு. குளிர்ச்சியான கடை, வெளிச்சமான கடை, கண்ணாடிக் கதவு போட்ட கடை. எங்கள் ஊரில் கம்பிக் கூண்டுக்குள் கையை விட்டு வாங்குகிற சமாச்சாரம், அங்கே ஜவுளிக் கடை மாதிரி விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தது. கூட்டத்தோடு நடந்திருந்தால் உபதேசியார் விசிலை ஊதி, ஜெபமாலை சொல்லவைத்து, ஒரே ஓட்டமாக ஊரைக் கடத்தியிருப்பார். வருஷா வருஷம் அப்படித்தானாம். நான்தான் நொண்டிக்கொண்டு, ஒவ்வொரு கடையாக அவருக்குக் காட்டிக்கொண்டு போனேன். அவர் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. கழுத்து நரம்பு மட்டும் விறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன்.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் நடைப்பயணிகளுக்கு மோர் கொடுக்கிற ஒரு பந்தல் இருந்தது. உபதேசியாருடைய சம்சாரம் என்னை அங்கே உட்கார வைத்துக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். காலைப் பார்த்துவிட்டு, வீக்கமே தெரியலையே, உள்காயமா இருக்கும் என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர், "நீங்க இருங்க, நான் போயி மெடிக்கல்ல ஸ்ப்ரே ஒண்ணு வாங்கிட்டு வந்தர்றேன்," என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். வேண்டாமுங்க, தைலமே போதும் என்றேன். அதெப்படி, இப்படியே விட்டா நாளைக்கு நடக்கவே முடியாது என்று அந்த அம்மாவே அவரை அனுப்பிவைத்தார். அவர் போய்விட்டார். நான் எழுந்து பின்னால் ஓடியிருக்க வேண்டும். எப்படி ஓடுவது? கால் அடுத்தவர் மடியில். ஊன்ற முடியாத கால். துள்ளி எழுந்தால் காலையிலிருந்து நான் போட்ட வேஷம் சந்தி சிரிக்கும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அம்மா என் குதிகாலை நீவிக்கொண்டே தன் மருமகளைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஊம் கொட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். மோர் வாங்க வந்த கூட்டம் இரண்டு தடவை மாறியது. வருகிற காவிச் சட்டையெல்லாம் அவர் மாதிரி இருந்தது, ஒன்றும் அவர் இல்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது, வந்தார். கழுத்தில் மாலை இருந்தது. கையில் மருந்துக் கவர் இருந்தது. கண்ணைப் பார்த்தேன், வெயிலில் நடந்தவர் கண் மாதிரிதான் சிவந்திருந்தது. எத்தன நேரமுங்க என்றேன். மெடிக்கல் தேடி அலைஞ்சேன் என்றார். கீழே குனிந்து என் காலில் ஸ்ப்ரே அடித்தார். நான் வேண்டுமென்றே முன்னால் சாய்ந்து மூச்சை இழுத்தேன். அந்த அம்மா கையில் தைலம், என் காலில் தைலம், அவர் கழுத்தில் காலையில் பூசிய தைலம், அதற்கு மேல் ஸ்ப்ரேயின் நெடி. என் கெட்டிக்கார மூக்கு அன்றைக்குச் செத்துப்போய்விட்டது. மாலைதான் கழுத்தில் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிவிட்டார். என்னோடு நடக்கவில்லை, முன்னால் போனார். வழியில் எங்கள் கூட்டத்தைப் பிடித்ததும், மாதா சுரூபம் வைத்து இழுத்துக்கொண்டு போகிற சப்பரத்தின் கயிற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். யார் கேட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. நாகூரில் தர்கா மினார் தெரிந்த இடத்தில் முஸ்லிம் வாலிபர்கள் ரோட்டோரம் நின்று எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாரும் நின்று குடித்தார்கள், இவர் நிற்கவில்லை. நாகப்பட்டினத்தில் ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். காலில் சுடுதண்ணீர் கொட்டின மாதிரி பறக்கிறாரே, மாலையைக் கழற்ற அவ்வளவு அவசரமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டே விட்டேன். பேசாம நட புள்ள என்றார். என் குதிகால் வலி எப்போது போயிற்று என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நொண்டுவதையே மறந்துவிட்டேன்.

வேளாங்கண்ணியில் கோபுரம் தெரிந்ததும் கூட்டம் அழுதது, சிரித்தது, ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டது. நான் ஒரு லைட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பூசை முடிந்து மாலை கழற்றுகிற நேரம். கடலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருக்கிற மணல் பாதை ஓரத்தில் எங்கள் பங்குக்காரர்கள் ஜோடி ஜோடியாக நின்றார்கள். கழற்றிக்கொண்டவர்கள் முகத்தில் ஒரு விடுதலை. உபதேசியார் ஒவ்வொருவரிடமும் போய் ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் வீட்டுக்காரரை ஒரு பெட்டிக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். கெஞ்சியாவது இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கொள்ளச் சொல்லலாம், எங்கள் அரவேணு மாதாவின் குகைக் கெபியில் கழற்றிக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் போனேன்.

நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவர் சொன்னார்: "நீ கழட்டறதுக்கு ஒண்ணுமில்ல புள்ள. காரைக்கால்லயே நான் கழட்டிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. கழுத்தில் இருக்கிற மாலையைப் பார்த்தேன். அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மெடிக்கல் உடனே கிடைத்துவிட்டதாம். அதற்கு அடுத்த கதவு அந்தக் கடை. வெளியில் வெகு நேரம் நின்றாராம். பிறகு மாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், தண்ணீர்கூடக் கலக்காமல் நின்ற வாக்கில் ஒரு குவாட்டரைக் குடித்தாராம். குடித்து முடித்ததும் நாக்கில் ருசியே தெரியவில்லையாம். ஒரு குழாயடியில் மூஞ்சி கழுவி, தைலத்தைப் பூசி, மாலையைத் தானே திரும்பப் போட்டுக்கொண்டு வந்தாராம்.

நான் அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வேண்டுதலுக்காக முழங்காலில் ஊர்ந்து போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இன்னொன்றும் விட்டேன். அவர் அசையவில்லை. வாங்கிக்கொண்டு நின்றார்.

"அதுக்கப்பறம்?" என்றேன்.

"அதுக்கப்பறம் இல்ல. நாகூர்ல இல்ல, நாகப்பட்டினத்துல இல்ல. சத்தியமா இல்ல."

நம்புவதா வேண்டாமா? குடித்த வாய் செய்கிற சத்தியத்தை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் இதுவரை அவராக வந்து குடித்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிடிபட்ட அன்றைக்குக்கூடச் சொன்னதில்லை. காரைக்காலிலிருந்து இவர் கழுத்தில் தொங்கியது நான் போட்ட மாலை இல்லை. நான் கும்பிட்டுக் கும்பிட்டுப் பார்த்துக்கொண்டு வந்தது வெறும் மணியும் நூலும். அதை வைத்துக்கொண்டா நான் தைரியமாக நடந்தேன் என்று நினைத்தபோது, எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. எல்லாம் இந்தப் பாழாய்ப்போன குதிகாலால் வந்தது என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கால் வலியே இல்லீங்க என்றும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா மருந்து வாங்கப் போனீங்க?"

"போறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நேரம் வராத அழுகை. பெட்டிக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, சோடா வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன். எத்தனை வருஷமாக உங்கள் வாயை மோந்து பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன் தெரியுமா, எனக்குச் சலித்துப்போய்விட்டது என்றேன். மோந்து பார்த்து, பாக்கெட்டைத் தடவிப் பார்த்து, நடையை வைத்துக் கணக்குப் போட்டு, சாயங்காலம் ஆனால் எனக்கு ஒரு வேலையும் ஓடுவதில்லை, பிள்ளைகள் நோட்டுகூடத் திருத்த முடிவதில்லை என்றேன். உங்களுக்குக் காவல் இருக்க என்னால் இனிமேல் முடியாது. கடைசியாக ஒன்று கேட்டேன்.

"குடிச்சா குடிச்சேன்னு நீங்களே வாசல்ல நின்னு சொல்லிருங்க. என்னைய மோந்து பாக்க வெக்காதீங்க."

அவர் குனிந்து கழுத்தை நீட்டினார். நான் மாலையைக் கழற்றினேன். போட்ட கைதான், ஆனால் அது நான் போட்டது இல்லை. வழக்கப்படி பார்த்தால் அது செல்லுமா செல்லாதா என்று உபதேசியாரிடம் கேட்கலாம்தான். அவர் தூரத்திலிருந்தே ஆச்சா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என் மாலையைக் கழற்றிய பிறகு, ஆச்சு என்று கையைத் தூக்கிக் காட்டினேன்.

திரும்பும்போது வேன் வழக்கம்போல முதல் ஊரிலேயே நின்றது. ஆம்பிளைகள் இறங்கினார்கள். கேட்டில் கிண்டல் பண்ணியவர் ஜன்னல் பக்கம் வந்து இவரைக் கூப்பிட்டார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். திறந்து பார்க்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வேன் கிளம்பியபோது என் தோளில் அவர் தோள் இடித்துக்கொண்டிருந்தது. இறங்கினாரா, இறங்கிவிட்டு ஏறினாரா என்று நான் கேட்கவில்லை. மேட்டுப்பாளையம் வந்து மலை ஏறத் தொடங்கும்போது அவராகச் சொன்னார்: "எறங்கல."

வீட்டுக்கு வந்த மறுநாள் சாயங்காலம் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இல்ல," என்றார். அதற்கடுத்த நாளும் அதே "இல்ல". எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஷிஃப்ட் விடுகிற சங்கு ஊதினதிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்கிற வரைக்கும், அடுப்பை ஏற்றுவதும் அணைப்பதுமாக வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பேன். கேட்ட பிறகுதான் உட்காருவேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் சங்கு ஊதி வெகு நேரம் ஆகியும் ஆள் வரவில்லை. மண் சரிந்து ரோடு அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், ஃபேக்டரிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ரோடே கிடையாது, படிக்கட்டுதான். இருட்டிய பிறகு வந்தார். குடை இல்லை. கூரைக்கு அடியில்கூட வராமல் மழையிலேயே நின்றார். மூஞ்சியில் எதையும் பூசிக்கொண்டிருக்கவில்லை.

"இன்னைக்கு ஆச்சு புள்ள," என்றார்.

டாக்டர் சொன்னது, வராந்தாவில் நான் அழுதது எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. இந்த ஆள் செத்துப்போய்விடுவார், நான் பார்த்துக்கொண்டே நிற்கப்போகிறேன் என்று பயமாக இருந்தது. அவர் உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். தைலம் பூசி, சளி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்திருக்கலாம். கண்டுபிடிக்க நான் கொஞ்சம் திணறித்தான் இருப்பேன்.

"உள்ள வாங்க," என்றேன்.

துண்டை எடுத்து அவர் தலையில் போட்டேன். கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு நான் போட்ட சண்டை லைன் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் சுவரைப் பார்க்கவில்லை. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.